கூவல் தெரியாத படம்

“இதத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்க ஒனக்கு நெஞ்சுறப்பு உண்டுமா, மக்களே?” என்று ஒருநாள் மாமா கேட்டார். பாறசாலையில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டார். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு டெலி லென்ஸ் கிடந்தது. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்த யாரோ விற்றதை ஸ்டுடியோ முதலாளி சேட்டன் வாங்கி வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. மாப்பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி நின்று எடுக்க வேண்டியிருக்கும் என்று சேட்டனே சிரிப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். நெய்யாற்றின்கரையில் ப்ரீடிகிரியும் முடித்தவள். அந்தத் திமிர் எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அம்மாவின் உடன்பிறந்தவரே என்மேல் சந்தேகப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை. அலமாரியைத் திறந்து லென்ஸை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாமாவுக்குக் கல்குவாரியில் வேலை. குன்னத்துகால் பக்கம் எங்கள் ஊருக்குப் பின்னால் இருந்த பாறையில் குழி போட்டு, மருந்து திணித்து, திரி கொளுத்துகிறவர் அவர்தான். நீளமான திரியைக் கொளுத்தியதும் உயரமான கல்லில் ஏறி நின்று, சிவப்புத் துண்டை வீசி, “வெடியுண்டே...” என்று மூன்று முறை கூவுவார். கல் உடைக்கும் பெண்கள், என் அம்மா உட்பட, ஓடி ஒதுங்குவார்கள். பாறைக்குக் கீழே இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பெஞ்சுக்கு அடியில் நுழைந்துகொள்வோம். எனக்குத் தெரிந்த முதல் பயம் அதுதான். ஆனாலும் அந்தப் பயத்துக்கு ஒரு வரிசை இருந்தது. கூவல், காத்திருப்பு, முழக்கம், பிறகு மூச்சு. நான் ஸ்டுடியோவில் சேர்ந்த காலத்தில் பள்ளி நேரத்தில் வெடிக்கக் கூடாது என்று ஊரார் புகார் கொடுத்தார்கள். பள்ளி விட்ட பிறகுதான் வெடிக்கிறோம் என்று குவாரி மேனேஜர் எழுதிக் கொடுத்தார். ஆனால் வெடிக்கும் நேரத்தை மாற்றவே இல்லை. கூவினால் யாராவது மணி பார்த்துவிடுவார்கள் என்று கூவலை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு வெடி சொல்லாமல் வந்தது. ஒரு மதியம் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு வந்த கல் மூன்றாம் வகுப்புப் பெஞ்சின்மேல் விழுந்தது. பிள்ளைகள் அப்போது கஞ்சி வாங்க முற்றத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். அன்று எங்கள் வீட்டுக்கு வந்த மாமா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். ஒரு வாய்கூட உண்ணவில்லை.

தலைமை டீச்சர் என்னைத் தேடி வந்தார். விசாரணை வரப்போகிறது, அதிகாரிக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்றார். முற்றத்தில் பிள்ளைகள், பின்னால் வெடிக்கும் பாறை, இரண்டும் ஒரே படத்தில் வர வேண்டும். நான் படித்த பள்ளிக்கூடம் அது. மறுக்க முடியாது. ஆனால் பாறையில் நிற்கப்போவது மாமா. இப்படிப்பட்ட வழக்குகளில் போலீஸ் முதலாளியைத் தொடாது, திரியைத் தொட்டவனைத்தான் கொண்டுபோகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கல் விழுந்துவிடுமோ என்ற பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகாதீர்கள் என்று மாமாவிடம் கெஞ்சினேன். “நான் போவல்லைன்னா வேற ஒருத்தன் போவான். அவனுக்கு அந்தப் பள்ளியில ஆரும் படிச்சதில்ல” என்றார்.

ஸ்டுடியோவில் எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று அந்த டெலி லென்ஸ். முன்னே பின்னே நகராது. எவ்வளவு காட்டுமோ அவ்வளவுதான் காட்டும், ஆனால் இலை நரம்புவரை தெளிவாகக் காட்டும். மற்றது நாங்கள் கோயில் திருவிழாக்களுக்குக் கொண்டுபோகும் ஜூம். அதன் பின்னால் டபுளர் என்ற சின்ன வளையத்தை மாட்டினால் தூரம் இரண்டு மடங்கு கிட்ட வரும். எதிர்மலை ரப்பர் தோட்டத்தில், கல் விழாத இடத்தில் நின்றே எடுத்துவிடலாம். “டபுளர் இட்டா எத்தும், பக்ஷே வெளிச்சத்தத் தின்னும் மோளே. கலங்கிப் போவும்” என்றார் சேட்டன். எனக்கு வேண்டியதும் அந்தக் கலக்கம்தான். ஆள் தெரிய வேண்டும், யாரென்று தெரியக் கூடாது. சேட்டனிடம் அதைச் சொல்லவில்லை. ஜூம் என்றால் பிள்ளைகளையும் பாறையையும் கூட்டிக் குறைத்து வைக்கலாம் என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஸ்டாண்டை ஊன்றிக் கண்ணை வைத்தபோது உள்ளே சாயங்காலம்போல் இருட்டாக இருந்தது. கூர்மை பார்க்கும் நடுவட்டம் பாதி கறுத்துக் கிடந்தது. எனக்குப் பக்கத்துச் சரிவில் ஜல்லி மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. என் இதயத்துடிப்பில் ஸ்டாண்டு ஆடுகிறதோ என்று பயந்து மூச்சை அடக்கினேன். கல்லின்மேல் ஒரு நிழல் ஏறியது. கை உயர்ந்தது. முற்றத்தில் பிள்ளைகள் சிதறினார்கள். ஷட்டரை அழுத்தினேன். நிழல் இறங்கி மறைந்ததும் பாறை பூப்போல் விரிந்து எழுந்தது. முழக்கம் என் காதுக்கு வருவதற்குள் எழுந்த கற்களெல்லாம் விழத் தொடங்கிவிட்டன.

படம் நான் நினைத்தபடியே வந்தது. அதுதான் ஆபத்தாக முடிந்தது. டீச்சர் அதை ஊர்க்கூட்டத்தில் காட்ட, அன்று மாலையே குவாரிக்குச் செய்தி போய்விட்டது. முகம் தெரியாவிட்டால் என்ன, அந்தக் கூன் விழுந்த முதுகையும் அகன்ற கால்வைப்பையும் எங்கள் ஊரில் தெரியாதவர் உண்டா? கலங்கல் மாமாவை மறைத்தது, அவரை ஒருபோதும் பார்த்திராத அதிகாரியிடமிருந்து மட்டும்தான். மேனேஜருக்கு அது வசதியாகப் போயிற்று. ஆள் அவன்தான், சொல் கேளாமல் பள்ளி நேரத்தில் வெடித்திருக்கிறான், கூவக்கூட இல்லை, கையை வீசி வெடிக்குச் சைகை காட்டுகிறான் பாருங்கள் என்று சொல்லித் திரிந்தார். பிள்ளைகள் கூவலைக் கேட்டதாகச் சொன்னார்கள். பிள்ளைகளின் சொல்லை யார் எடுப்பார்கள்?

மாமா வீட்டுக்கு வந்து படத்தைக் கேட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள்.

“நான்னு அவியளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்” என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்தார். “நான் கூப்பிட்டது இதுல எங்க, மக்களே?”

மேனேஜர் தடுத்திருந்தும் அன்று அவர் மூன்று முறையும் கூவியிருக்கிறார். என் படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று ஏதோ சொன்னேன். மாமா படத்தைத் திருப்பித் தந்தார். “வாய் தெரியணும். நாளைக்கும் என்னத்தான் கொளுத்தச் சொல்லியிருக்காவ. குத்தம் ஒரே தலையில நிக்கட்டும்னாக்கும்.”

மறுநாள் டெலி லென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். டபுளர் இல்லாமல் அது எதிர்மலையிலிருந்து எட்டாது. பள்ளிக்கூடத்தின் பின்மதில் மூலைக்குப் போனால்தான் முற்றத்தின் ஓரமும் பாறையும் சேர்ந்து விழும். முன்பு விழுந்த கற்கள் அங்கே புல்லுக்குள் அப்படியே கிடந்தன. டீச்சரிடம் சொல்லியிருந்ததால் பிள்ளைகள் திண்ணமான சுவர் ஓரமாகத்தான் நின்றார்கள். எனக்கு முன்னால் இடுப்பளவு மதில் மட்டும். ஓடிவிடலாம் என்று இரண்டு தடவை ஸ்டாண்டை மடக்கப் போனேன். கண்ணை வைத்தபோது உள்ளே பகல் போல் வெளிச்சம். மாமாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காலடியில் திரி புகைந்தது. முதல் கூவலுக்கு அழுத்தினேன், இரண்டாவதற்கும் அழுத்தினேன். மூன்றாவது கூவலுக்கு அவர் இறங்கி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பள்ளியைப் பார்த்தபடி, வாய் திறந்தபடி நின்றார். லென்ஸ் வழியாக அவர் எனக்கு அவ்வளவு கிட்டே இருந்தார், என்னால் அவரைப் பிடித்து இழுக்க முடியவில்லை. “மாமா, ஓடுங்க” என்று நான் கத்தியது எனக்கே கேட்டது. அவர் குதித்து மறைந்ததும் பாறை எழுந்தது. மதிலில் ஒரு கல் அடித்துத் தெறித்தது. நான் லென்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தேன்.

விசாரணையில் அதிகாரி மாமா வாய் திறந்து கூவும் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாராம். குவாரி நின்றது. கூவி எச்சரித்தது படத்தில் இருந்ததால் மாமாவை யாரும் பிடிக்கவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஒரு குவாரியும் அவருக்கு வேலை தரவில்லை. அம்பூரியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது காது இன்னும் கொஞ்சம் மந்தமாகியிருக்கும். நாங்கள் பேசுவதைவிட அவரே சத்தமாகப் பேசுவார்.

இப்போது வேறு ஆட்கள் கைமாற்றி வாங்கி அதே பாறையை மறுபடி உடைக்கிறார்கள். திரி கொளுத்துகிறவன் வெளியூர்க்காரன், என் வயதுதான் இருக்கும். நடையை வைத்து அவனை அடையாளம் சொல்ல இங்கே யாரும் இல்லை. கூவல் இல்லாமல் வெடி வருகிறது. அம்மா சாப்பிடும்போது பாதியில் நிறுத்திக் காது கொடுக்கிறாள். எனக்கும் ஸ்டுடியோவில் கதவு அறைந்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது.

அந்த டெலி லென்ஸ் இப்போது என்னுடையது. சென்ற வாரம் அதே மதில் மூலையில் போய் நின்றேன். முன்னைவிடப் பயமாகத்தான் இருந்தது. படத்தைக் கழுவிப் பார்த்ததில் திரி கொளுத்துகிறவன் முகம் தெளிவாக விழுந்திருந்தது, மீசை முடிவரை. வாய் மூடியிருந்தது. அவனுக்குக் கீழே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பிரதி போட்டு, யாருக்கும் காட்டாமல், அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள். அவன் வெளியே வரும்வரை காத்து நின்று, “அடுத்த படத்துல வாய் தெரியணும்” என்று சொல்லி, படத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.