கச்சிராயப்பாளையம் வழியில் இரண்டு கண்ணாடி வளையல்கள்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வழி கேட்பவர்களுக்கு இத்தனை நாளும் தவறான வழியைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். கருமந்துறைப் பக்கம் இறங்கிச் சுற்றிப் போங்கள் என்பேன். அரை நாள் வீண். போன தை மாதம் நேர்வழியில் போய் வந்தேன். இனிக் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

எண்பத்தேழில், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம். என் வீட்டுக்காரர் மலையில் வாத்தியார். கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. கர்ப்பப்பையில் நார்க்கட்டி. மாதத்தில் பன்னிரண்டு நாள் ரத்தம் போகும். வயிறு மட்டும் பிள்ளைத்தாய்ச்சி போலப் பெருத்தது. கர்ப்பப்பையையே எடுத்துவிடுங்கள் என்று எல்லா டாக்டர்களும் சொல்ல, கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரம்மா மட்டும், "கட்டியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்" என்றார். அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்த வியாழக்கிழமைதான் கடைசி.

காலை ஆறு மணிக்கு வாடகை ஜீப்பில் கிளம்பினோம். எட்டரைக்குக் கச்சிராயப்பாளையம் தாண்டியதும் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது.

"ஒரு வண்டியும் போவாது, திரும்புங்க" என்றார்கள் மறியல்காரர்கள். நான் இறங்கி நின்றேன். ஒருவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "எத்தினி மாசம்ங்க?" என்றார்.

"ஏழு" என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சமும் தயங்காமல். ஐந்து வருஷமாக நான் ஏங்கிய வார்த்தை, பொய்யாக வந்தது. அவரை அப்படியே அறையலாம் போலிருந்தது.

"கையில வளையலக் காணோமே?" என்று இன்னொருவர் இழுத்தார். பக்கத்து டீக்கடையிலிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். தன் கையிலிருந்து இரண்டு கண்ணாடி வளையல்களைக் கழற்றி எனக்கு மாட்டினாள். "புள்ளத்தாச்சிய வெயில்ல நிக்க வெச்சிக்கினு இன்னா கேள்வி? கிளைய நவுத்துங்க" என்று அதட்டினாள். ஜீப் ஏறும்போது, "பொறந்ததும் தூக்கினு வந்து காட்டு" என்றாள்.

பதினைந்து கிலோமீட்டரும் அழுதேன். டாக்டரம்மாவும் முயன்றார். ரத்தம் நிற்கவில்லை, கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாயிற்று. நர்ஸ் வளையல்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். அதன்பிறகு அந்தக் கடையைத் தாண்டிப் போக எனக்கு முகமில்லை. அதனால்தான் கருமந்துறை.

இப்போதும் அதே திருப்பத்தில், தகரக் கூரையோடு, டீக்கடை இருக்கிறது. அடுப்பருகே நரைத்த தலையோடு அவளேதான். காகிதத்தைப் பிரித்து நீட்டினேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"வயித்துல இருந்தது கட்டிங்க. புள்ள இல்ல. உங்கள ஏமாத்திட்டோம்" என்றேன்.

"தெரியும். பொடவை பின்னால அம்மாம் ரத்தம். ஏழு மாசக்காரிக்கு அப்டி இருந்தா ஜீப்புல ஒக்காந்து போவாளா? ஆம்பளைங்க கண்டுபுடிச்சா வுட மாட்டானுங்கன்னுதான் வளையலப் போட்டேன்."

"தூக்கினு வந்து காட்டுன்னீங்களே?"

"நல்லபடியா ஆயி, ஒண்ணு பொறக்கட்டும்னுதான் சொன்னேன்." அடுப்பைத் தணித்தாள். "பொறக்கலியா?"

இல்லை என்று தலையாட்டினேன். வளையல்களை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. டீக்குக் காசும் வாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், மலை இறக்கத்தில் வளைவுகள் அதிகம். உடம்புக்கு முடியாதவர்கள் மாற்றுப் புடவை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்வழியிலேயே போங்கள். சுற்றிப் போனவள் நான் ஒருத்தி போதும்.