ஏழும் ஒரே அளவில் ஏறின

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அந்தத் தாளைப் பார்த்து ஆய்வுக்கூடமே மகிழ்ந்தது. நெவேனாவுக்கு மட்டும் மகிழ்ச்சி வரவில்லை. தாளில் ஏழு பட்டைகள், ஏழும் ஏறக்குறைய ஒரே உயரம். மருந்து கொடுத்த புற்றுச் செல்களில், மரபணுக்களை அடக்கிவைக்கிற மைக்ரோஆர்என்ஏ என்ற சிறு மூலக்கூறுகள் ஏழும் மூன்று மடங்கு கூடிவிட்டன என்பது அதன் பொருள்.

ப்ளோவ்டிவ் நகரில் பத்தொன்பது வருடமாக மார்பகப் புற்றுச் செல்களை வளர்க்கிறவள் அவள். படித்தது இரண்டு வருட ஆய்வகப் படிப்பு. செல்களுக்கு ஊட்டக் கரைசல் மாற்றுவது, மருந்து கொடுப்பது, நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து அவற்றை உடைத்து ஆர்என்ஏவைப் பிரித்தெடுப்பது எல்லாம் அவள் கைவேலை. தொண்ணூற்றாறு குழித் தட்டில் ஒரு குழியைக்கூட அவள் தவறவிட்டதில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் எந்தக் கட்டுரையிலும் அவள் பெயர் வந்ததில்லை. கடைசிப் பக்கத்தில் ‘ஊழியர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். இந்த முறை ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் அசேனோவா, எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவதாக அவள் பெயரைச் சேர்த்திருந்தார். இரண்டு வாரத்தில், வெள்ளிக்கிழமை, கட்டுரை ஆய்விதழுக்குப் போகிறது. நெவேனாவின் அக்கா தன் தையற்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி முடித்திருந்தாள்.

பட்டைகளைப் போட்டவன் வெசெலின். செப்டம்பரில் சேர்ந்தவன், வேகமான கை, எதற்கும் சிரிப்பான். நெவேனாவின் சந்தேகம் நேராக அவன்மேல் போய் உட்கார்ந்தது. செல்லின் ஒரே ஒரு வாசலைக் குறிவைத்து அடைக்கிற மருந்து அது. அதனால் சிலது ஏறும், சிலது இறங்கும், சிலது அசையாது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல ஏழும் ஒன்றாகவா ஏறும்? அவள் மருந்துக் குப்பியில் மீதம் எவ்வளவு என்று பார்த்தாள். சரியாக இருந்தது. குழாய்களில் ஒட்டிய தேதிகளைச் சரிபார்த்தாள். அவன் தட்டில் ஊற்றும்போது ஏதாவது சாக்கு வைத்துப் பக்கத்து மேசைக்கு வந்து நின்றாள். அவன் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா வாங்கி வந்து நீட்டினால், எதற்கு இந்த உபசாரம் என்று அதையும் சந்தேகப்பட்டாள்.

கட்டுரை போகிற வாரம், புதன்கிழமை காலை, அவள் எந்திரத்தின் மூல எண்களை எடுத்துக் கட்டம் போட்ட நோட்டில் கையால் எழுதத் தொடங்கினாள். கணினி கணக்குப் போட்டுத் தருகிறபோது கையால் எழுதுவதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு குழியும் எத்தனையாவது சுற்றில் ஒளிர்ந்தது என்பதுதான் அந்த எண். ஒவ்வொரு சுற்றிலும் எந்திரம் குழியிலுள்ள சரக்கை இரட்டிப்பாக்கும்; சரக்கு அதிகம் இருந்தால் சீக்கிரம் ஒளிரும், குறைந்தால் தாமதமாகும்.

ஏழு வரிசைகளிலும் மருந்து கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எட்டாவது வரிசையில் பேனா நின்றது. அது யு6 என்ற சிறு ஆர்என்ஏ. செல்லுக்கு என்ன நேர்ந்தாலும் அது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது என்று நம்பி மற்ற எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மருந்து கொடுத்த செல்களில் அது ஒன்றரைச் சுற்று தாமதமாக ஒளிர்ந்திருந்தது. அப்படியானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. எடைக்கல்லே தேய்ந்துபோனால் தராசில் எதை வைத்தாலும் மூன்று மடங்கு கனமாகத்தான் காட்டும்.

பயல் யு6 குழிகளில் குறைத்து ஊற்றிவிட்டான் என்று நினைத்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட வந்தது. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்த மூன்று தட்டுகளையும் பார்த்தாள். மூன்றிலும் அதே ஒன்றரைச் சுற்று. மூன்றாவது தட்டை ஊற்றியவள் அவளேதான்.

பழைய நோட்டுகளை இறக்கினாள். யு6-ஐத் தேர்ந்தெடுத்து, ‘நிலையானது, இதையே வைத்துக்கொள்ளலாம்’ என்று ஒன்பது வருடத்துக்கு முன் எழுதியிருந்ததும் அவள் கையெழுத்து. அன்று சோதித்தது மருந்து படாத செல்களில். இந்த மருந்து கூடத்துக்கு வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குப் பிறகு யாரும் சோதிக்கவில்லை, அவளும்தான்.

வியாழக்கிழமை டாக்டர் அசேனோவா சாக்லேட் பெட்டியோடு வந்தார். அந்த ஊர் வழக்கப்படி நல்ல சேதி உள்ளவர் பெட்டியை நீட்டுவார், ஆளுக்கொன்று எடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். எடுக்காமல் இருந்தால் அந்த நல்லது நடக்கவேண்டாம் என்று சொன்னதுபோல. பெட்டி நெவேனாவிடம் வந்தது. அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“எடுத்துக்கோங்க நெவேனா. உங்க பேருக்கும் சேர்த்துத்தான் இது.”

“வேணாம் டாக்டர். மருந்து அந்த ஏழையும் ஏத்தல. யு6-ஐ இறக்கியிருக்கு. ஒப்பிட்டுப் பாக்க அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான்.”

வெசெலின் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். “அப்போ ரெண்டு வாரமா என் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தீங்களே அக்கா, அது?”

“உன்னைத்தான் சந்தேகப்பட்டேன் தம்பி.”

“முன்னாடியே சொல்லியிருந்தா தலையாவது சீவிட்டு வந்திருப்பேன்.”

டாக்டர் அசேனோவா நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். ஒன்றரைச் சுற்றின்மேல் விரலை வைத்து, வேறு எதோடு ஒப்பிடலாம் என்று கேட்டார். நெவேனா எழுதியே வைத்திருந்தாள். மருந்துக்கு அசையுமா என்று முதலிலேயே சோதித்துவிட்டு எடுக்கவேண்டிய வேறு இரண்டு சிறு ஆர்என்ஏக்கள், அவற்றோடு செல்லை உடைக்கும்போதே எல்லாக் குழாயிலும் சம அளவில் சேர்க்கிற ஒரு புழுவின் ஆர்என்ஏ. மனிதச் செல்லில் அது கிடையாது, அதனால் மருந்து அதைத் தொட வழியில்லை.

“நாளைக்கு எதுவும் போகல,” என்றார் டாக்டர். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்: “உங்க பேர் இருக்கும் நெவேனா. கட்டுரை இருக்குமாங்கிறதுதான் தெரியல.”

புதிய செல்களை வளர்த்து, மருந்து கொடுத்து, அளந்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. ஏழில் ஆறு ஏற்றமே இல்லாமல் படுத்துவிட்டன. ஒன்றின் ஏற்றம் மட்டும் நின்றது, ஒன்றேகால் மடங்கு. வெசெலின் உடனே படம் போட உட்கார்ந்தான். நெவேனா அவனை எழுப்பி, குழாய்களையெல்லாம் அடுத்த அறைக்காரியிடம் கொடுத்து, எது மருந்துக் குழாய் என்று தங்கள் இருவருக்குமே தெரியாதபடி எண்களை மாற்றி ஒட்டி வாங்கினாள். அவன் ஊற்றினான், அவள் எழுதினாள். எந்த எண் எந்தக் குழாய் என்று கடைசியில் பிரித்துப் பார்த்தபோதும் அந்த ஒன்று நின்றது.

இனி எழுதலாமா என்று டாக்டர் அசேனோவா அவளைத்தான் கேட்டார்.

“இது ஒரு நோயாளியோட செல்லுதான் டாக்டர். இன்னொருத்தரோட செல்லுலயும் நிக்குதான்னு பாத்துட்டு எழுதலாம்,” என்றாள் நெவேனா. கையுறையை மாட்டிக்கொண்டு, உறைந்த செல் குப்பிகள் இருக்கும் தொட்டியைத் திறக்கப் போனாள்.