பார் என்ற இரண்டெழுத்து

காலை ஏழு மணிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்னைத் தூத்துக்குடியில் இறக்கிவிட்டது. மக்ரூன் வாங்கவோ துறைமுகம் சுற்றவோ வரவில்லை. ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன்.

மத்திய அரசுக்குத் தமிழில் வரும் மனுக்களை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுப்பது சென்னையில் என் பிழைப்பு. தை மாதம் திரேஸ்புரத்திலிருந்து ஜெசிந்தா என்பவரின் உதவி மனு வந்தது. 'காலையில் பாருக்குப் போன என் கணவர் பிணமாகத்தான் வந்தார்' என்று எழுதியிருந்தார். பார் என்றால் மதுக்கடை என்று எழுதி அனுப்பிவிட்டேன். குடித்து இறந்தவர் குடும்பத்துக்கு உதவி இல்லையென்று மனு திரும்பிப் போனது.

இரண்டு மாதம் கழித்து அவருடைய அடுத்த கடிதமும் என் மேசைக்கே வந்தது. 'பார் என்றால் கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டு. சங்கு அங்கேதான் கிடைக்கும். என் கணவர் சங்கு குளிக்கிறவர். அதைச் சாராயக் கடை ஆக்கினது யார்?' அவசரமாக அகராதியைப் புரட்டினேன். உலகம், பாறை, காண் எல்லாம் இருந்தன. மதுக்கடைதான் இல்லை. திருத்திய தாளைத் தபாலில் அனுப்பியிருக்கலாம்; மனசு கேட்கவில்லை.

திரேஸ்புரத்துக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். "மீன் வாங்கவா அண்ணாச்சி?" என்றார் ஓட்டுநர். "ஒருத்தரைப் பார்க்க" என்று சொல்லும்போதே நாக்கு இடறியது.

ஜெசிந்தா மீன் அரிந்த கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "பாரைச் சாராயக் கடைன்னு எழுதினது நான்தாம்மா" என்றேன். அவர் கையெழுத்துக்காகத் திருத்திய தாளை நீட்டிவிட்டு, திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"கையெழுத்துப் போடுதேன் சார். மொதல்ல பாரப் பாத்துட்டு வாங்க."

அவர் கணவரோடு தொழிலுக்குப் போய்வந்த சூசையின் வள்ளத்தில் ஒன்பதரை மணிக்கு ஏறினேன். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பாதி நேரம் வாந்தி எடுத்தேன். சூசை கரையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "அனல் நிலையப் புகைபோக்கியும் துறைமுகத்துக் கிரேனும் ஒரே நேர்ல வரணும்லா. வந்துட்டு. இதான் அந்தப் பார்."

"எங்கே?"

"கீழ பாருங்க. ஒம்பது பாகம் ஆழம்." ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. சூசை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

ஒன்றரை மணிக்குத் திருத்திய தாளை ஜெசிந்தாவுக்குத் தமிழில் வாசித்தேன். 'கடலடிப் பாறைத் திட்டில் சங்கு குளிக்கையில் இறந்தார்.' இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமலே பேசினார்.

"அவிய குடிக்க மாட்டாவ. ஆனா கவர்மென்ட் பேப்பர்ல அப்படி வந்ததும், கூடப் போன ஆளுககிட்ட எல்லாம் போயி, அன்னைக்கு அவிய குடிச்சிருந்தாவளான்னு கேட்டேன். நானே கேட்டேன் சார்."

பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்க இம்புட்டுத் தூரம் ரயிலேறி வந்து மன்னிப்புக் கேட்டுட்டிய. கல்லறைத் தோட்டம் இந்தா, தெருமுனையிலதான் இருக்கு. ரெண்டு மாசமா எனக்கு அங்கன போகக் கால் வரல."

தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆட்டோ கிடைக்க அரை மணி நேரமானது. கல்லறைத் தோட்டத்தைக் கடக்கும்போது பார் என்றது மனம். பார்த்தேன். கையில் அந்த நகலோடு ஜெசிந்தா உள்ளே போய்க்கொண்டிருந்தார்.