மருந்து கேட்காது

எனக்கு அறிவியல் முழுக்க ஆங்கிலத்தில்தான் வந்தது. சிங்கப்பூரில் பள்ளிக்கூடத் தமிழ் என்றால் கட்டுரை, கருத்தறிதல், வாய்மொழித் தேர்வு, அவ்வளவுதான். கிருமியைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பாதி வயது ஆய்வுக்கூடத்தில் போன பிறகு, "நீங்க தமிழ்தானே மேடம், நம்ம ஆளுங்களுக்கு விளக்கிச் சொல்லுங்க" என்று சுகாதார அமைச்சின் அதிகாரி ஒருவர் கூப்பிட்டார். பேச்சு, ஸ்லைடு, துண்டறிக்கை எல்லாம் அவர்களே தமிழில் தயாரித்து வைத்திருந்தார்கள். நான் வாசித்தால் போதுமாம்.

தேக்கா பக்கத்துச் சமூக மன்றத்தில் கூட்டம். சந்தையில் கடை போடுகிறவர்கள்தான் அதிகம். ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கண்டபடி விழுங்கக் கூடாது என்பதுதான் சேதி. ஸ்லைடில் கொட்டை எழுத்தில் இருந்ததை வாசித்தேன்: "நுண்ணுயிர்க்கொல்லிகளை அடிக்கடி உட்கொண்டால் எதிர்ப்புச் சக்தி வளரும்." எல்லாரும் தலையாட்டினார்கள். பரவாயில்லையே, நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் கீரைக்கடை அக்கா ஒருத்தர் நேரே என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா சொன்னீங்க டாக்டரம்மா. எங்க வீட்டுக்காரருக்குச் சுகர், கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. ஊர்லேருந்து வாங்கிட்டு வந்த மாத்திரை வீட்டுல கெடக்கு. இனிமே தினம் ஒண்ணு குடுத்துடறேன். எதிர்ப்புச் சக்தி வளருமே."

அக்கா மேல் என்ன தப்பு? எதிர்ப்புச் சக்தி என்றால் தமிழ் பேசுகிற எவருக்கும் உடம்பு நோயை எதிர்க்கிற பலம்தான். பிள்ளைக்கு நெல்லிக்காய் கொடுத்து வளர்க்கிறோமே, அது. இங்கே வளரப்போவதோ கிருமியின் பலம். கிருமி மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்று சொல்ல வந்த இடத்தில், மாத்திரை சாப்பிட்டால் நல்லது என்று எழுதி, அதை என் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள். எவர் பார்த்த வேலையோ, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"ஐயோ, குடுக்காதீங்க அக்கா. நான் சொன்னதுக்கு அர்த்தம் அது இல்ல."

அக்கா துண்டறிக்கையை விரித்து என் முன் நீட்டினார். "அச்சடிச்சே குடுத்திருக்கீங்க. இப்ப இல்லங்கிறீங்க?"

நுண்ணுயிரி, மரபணு மாற்றம் என்று ஏதேதோ உளறினேன். அவர் பார்வை என்னைத் தாண்டி வாசல் பக்கம் போய்விட்டது. இன்றைக்கே போய் மாத்திரையைக் கொடுத்துவிடுவார். பயத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

"இப்ப சும்மா சும்மா குடுத்தீங்கன்னா, நாளைக்கு நெஜமாவே வேணும்கிறப்ப அவருக்கு எந்த மருந்தும் கேக்காது அக்கா!"

அவர் நின்றார். "கேக்காதா?"

"கேக்காது. கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போயிடும். முதல்ல டாக்டர்கிட்ட காலைக் காட்டுங்க."

துண்டறிக்கையை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

அதையேதான் நான் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவரும் தமிழர்தான். "அகராதியில இருக்கு மேடம்" என்றார். அகராதியில் இருக்கும், அந்த அக்கா மண்டையில் வேறொன்று இருக்கிறதே என்றேன். "அப்ரூவ் ஆயிருச்சு லா. பிரிண்ட் பண்ணியாச்சு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மருந்து கேக்காதுன்னு எழுதினா கொச்சையா இருக்கும். மொழிக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒருவன் காலைக் காப்பாற்றுகிற சொல் கொச்சையாம், காலை வாங்கப் பார்க்கிற சொல் மரியாதையாம். என் அம்மா சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆயிரம் தடவை சொன்னதுதான், மருந்து கேட்கவில்லை என்று. அந்தச் சொல் வீட்டிலேயே கிடந்தது. அடுத்த கூட்டம் மார்சிலிங்கில். அந்த ஸ்லைடைப் போடவே இல்லை, வாயால் பேசினேன். அதற்குப் பிறகு என்னை அவர்கள் கூப்பிடவில்லை. போகட்டும், யாருக்கு வேண்டும் அவர்கள் மேடை.

சில வாரம் கழித்துத் தேக்காவில் அந்தக் கடைக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

"ஒரு விரலை எடுத்துட்டாங்க. கால் தப்பிச்சுது. மொதல்ல குடுத்த மருந்து கேக்கலையாம், மாத்திக் குடுத்தது கேட்டுச்சாம். ரொம்பத் தள்ளிப் போட்டிருந்தா முழங்கால் வரைக்கும் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

கீரைக்கட்டை மறுபடி எடுத்தபடியே தொடர்ந்தார்.

"கிளினிக் கவுண்டர்ல இன்னும் அதே நோட்டீஸ்தான் வச்சிருக்காங்க. வயித்தெரிச்சலா இருந்துச்சு. மொத்தக் கட்டையும் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

ஈரக் கீரைக்கு அடியில் அந்தத் துண்டறிக்கைகள் வரிசையாக விரிந்து கிடந்தன. "எதிர்ப்புச் சக்தி வளரும்" என்ற கொட்டை எழுத்து தண்ணீரில் ஊறிக் கரைந்துகொண்டிருந்தது. கூட்டங்களில் கொடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தவை இரண்டு பெட்டி நிறைய என் அறையில் இருந்தன. மறுநாள் டாக்சி பிடித்து இரண்டையும் அக்கா கடையில் இறக்கினேன்.