எட்டுப் பூனைகளுக்கு நான் வைத்த காது

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பூனைகளுக்கு முயல் காது ஒட்டியவன் நான். அதோடு விட்டேனா? வாலையும் கிள்ளித் தின்றுவிட்டேன். பூனைகள் மாசிப்பானில் செய்தவை. பாதாமும் சீனியும் அரைத்துப் பிசைந்த மா. உயிருள்ள பூனைகளாக இருந்திருந்தால் சுவிஸ் சட்டம் அன்றைக்கே என்னை விமானம் ஏற்றியிருக்கும்.

இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறை. இருபது வருடத்துக்கு மேலாக நான் அங்கே குளிர்ப் பகுதியில்: சாலட், மீன், வெட்டிய பழம். எனக்கு முதுகுப்புறமாக இனிப்புப் பகுதி. அங்கே நிற்கும் பெண் வியட்நாமில் பிறந்தவர். சிறுபிள்ளையாகப் படகில் தப்பி, எனக்கு வெகு முன்பே இந்த நாட்டுக்கு வந்தவர். எங்களுக்குப் பொது மொழி ஜெர்மன். அவருடையது நல்ல ஜெர்மன், என்னுடையது நொண்டி ஜெர்மன். அவர் பேசியதை இங்கே எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். கோபம் எனக்கு அதில்தான் சரியாகக் கேட்கும்.

என் கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழமைக்கு ஒரு நாள் வேலையாட்களுக்கு நான் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைப்பேன். செஃப் பலகையில் ‘இந்தியக் கறி’ என்று எழுதுவார். நான் ஏப்ரனால் துடைத்துவிட்டு ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதுவேன். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி இந்தியா வந்திருக்கும். “எல்லாம் அந்தப் பக்கம்தானே” என்பார் செஃப். “நான் இந்தியன் இல்லை!” என்று நான் போடும் சத்தத்தில் கரண்டிகள் ஆடும். அப்போதெல்லாம் இனிப்புப் பகுதிக்காரர் மாப் பிசைவதை நிறுத்தி, ஓம் என்று தலையாட்டுவார். பாத்திரம் கழுவும் எங்கள் ஊர் அண்ணையை விட்டால், அந்தச் சமையலறையில் என் கட்சிக்கு இருந்த ஒரே ஒரு வாக்கு அது.

இடைவேளையில் பின்கதவடியில் நின்று கதைப்போம். ஒருமுறை நான் அளந்துகொண்டிருந்தேன்: சீனச் சக்கரவர்த்தி இலங்கையில் காலித் துறைமுகத்தில் ஒரு கல்வெட்டு வைத்தார், அதில் தமிழும் இருக்கிறது, எங்கள் தெய்வத்துக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுத்ததாகவே எழுதியிருக்கிறார், எவ்வளவு மரியாதை பார்த்தீரா என்று.

“சாமானோட வந்தவையோ, படையோட வந்தவையோ?” என்று கேட்டார்.

அதே கப்பற்படைதான் எங்கள் தீவின் அரசன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனது. அந்தப் பகுதியை நான் வழக்கமாகச் சொல்வதில்லை.

அவர் சிரித்தார். “எங்கட அரசர்மார் கெட்டிக்காரர். சீனாவுக்குக் கடிதம் எழுதேக்க தங்களை அரசன் எண்டு எழுதுவினம். யானைத் தந்தம் அனுப்பிக் கும்பிடு போடுவினம். வீட்டுக்குள்ள தாங்களே சக்கரவர்த்தி.”

“அப்ப நீர் செஃப் என்ன சொன்னாலும் ஓமெண்டு ‘யா, செஃப்’ சொல்லுறது?”

“அது தந்தம்” என்றார்.

அந்த ஜனவரியில் சந்திரப் புத்தாண்டு வந்தது. ஹொங்கொங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குழுக்கள். சீனக் கலண்டரில் அது முயல் வருடமாம். விருந்தினர் ஒவ்வொருவரின் தட்டிலும் ஒரு மாசிப்பான் முயல் வேண்டும் என்றார் செஃப். இனிப்புப் பகுதிக்காரர் இரண்டு நாள் குனிந்தே நின்று முயல் உருட்டினார்.

மாலையில் நான் குளிர் அறைக்குள் போனபோது, கீழ்த் தட்டில் எட்டு மட்டும் தனியாக இருந்தன. காது கட்டை. வால் நீளம். பாவம், களைப்பில் கை தவறிவிட்டது, செஃப் கண்டால் குதறிவிடுவார் என்று நினைத்தேன். பாதாம் சீவலை எடுத்து எட்டுக்கும் நீளக் காது வைத்தேன். வாலைக் கிள்ளி வாயில் போட்டேன். பரிசாரகர் வந்து தட்டைக் கொண்டுபோனார்.

பாத்திரம் கழுவும் அண்ணையிடம் போய்ப் பெருமையடித்தேன். “அவவின்ர முயலெல்லாம் பூனை மாதிரிக் கிடந்தது அண்ணை. நான் திருத்திவிட்டன்.”

“உன்னைத் திருத்தச் சொன்னவவோ?”

“இல்லை. ஒரு உதவி.”

“நீ உதவிக்கு வந்தாத்தான்ரா எனக்குப் பயம்” என்று அவர் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அப்போது இனிப்புப் பகுதிக்காரர் வந்தார்.

“கீழ்த் தட்டில இருந்தது எங்க?”

“மேசைக்குப் போயிட்டுது. பயப்படாதேயும். காதெல்லாம் திருத்தித்தான் அனுப்பினனான். பூனை மாதிரிக் கிடந்தது.”

“பூனைதான்.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கே எனக்கு ஒரு அறை தந்திருக்கலாம். சிரித்ததோடு நிற்காமல், “பூனையோ முயலோ, எல்லாம் சீனாக்காரன்ர சாமான்தானே” என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்.

“ஆயிரம் வருஷம் எங்கட நாட்டில குந்தியிருந்தவங்கள். எழுத்துத் தந்தாங்கள், பரீட்சை தந்தாங்கள், சோறு தின்னக் குச்சி தந்தாங்கள். கலண்டரும் தந்தாங்கள். பன்னிரண்டு மிருகம். அதில முயல் எங்களிட்ட இல்லை, எங்களுக்கு அது பூனை. இந்த வருஷம் எங்களுக்குப் பூனை வருஷம். ஜன்னலோர மேசையில இண்டைக்கு எட்டுப் பேர் வருகினம், ஹனோயிலயிருந்து. இத்தனை வருஷத்தில எங்கட ஆக்கள் இந்த ஹோட்டலுக்கு வாறது இதுதான் முதல் தரம். அவைக்குப் பூனை வைக்கட்டோ எண்டு கேட்டன். செஃப் ஏலாது எண்டவர். யா செஃப் எண்டு சொல்லிப்போட்டு ஒளிச்சுச் செய்தனான். அவர்கூடக் கண்டுபிடிக்கேல்லை. நீர் கண்டுபிடிச்சு முயலாக்கியிருக்கிறீர்.”

எனக்குக் காது சுட்டது. என் சொந்தக் காது. ‘எல்லாம் அந்தப் பக்கம்தானே’ என்று செஃப் சொன்னபோதெல்லாம் கரண்டி ஆடக் கத்தியவன், அதையே கொஞ்சம் உருமாற்றி இனிப்புப் பகுதிக்காரருக்கே சொல்லியிருக்கிறேன். பிறகு கோபம் எல்லாப் பக்கமும் பாய்ந்தது. செஃப் மேல். அந்தச் சக்கரவர்த்திகள் மேல். உலகத்தின் நடுவில் தாங்கள்தான் இருக்கிறோம் என்று ஒரு கூட்டம் முடிவெடுத்து, சுற்றியிருந்தவர்களுக்கு இன்று என்ன நாள் என்பதைக்கூடத் தாங்களே எழுதி அனுப்புமாம். கலண்டரை வாங்கிக்கொண்டால் அடங்கியதாக அர்த்தமாம். சரி, அவர்களிடம் பெரும் படை இருந்தது, குதிரை இருந்தது. இந்தச் செஃப்பிடம் என்ன இருந்தது? ஒரு சுண்ணாம்புக்கட்டியும் ஒரு பலகையும். என்னிடம் அதுவும் இல்லை. ஒரு கைப்பிடி பாதாம் சீவலை வைத்துக்கொண்டு, ஆயிரம் வருடம் தப்பிப் பிழைத்த பூனையை நான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

மீன் முள் எடுக்கும் இடுக்கியைப் பிடுங்கினேன். அவருடைய அலமாரியிலிருந்து வனிலாக் காய் ஒரு பிடி எடுத்தேன், வாலுக்கு. அழுக்கு ஏப்ரனோடு சாப்பாட்டு மண்டபத்துக்குள் ஓடினேன்.

ஜன்னலோர மேசையில் இன்னும் ஆட்கள் இல்லை. காதைப் பிடுங்கு, தலையைத் தடவு, வாலைக் குத்து. காது பிடுங்கிய இடம் பள்ளமாகி, பூனைகள் சண்டைக்குப் போய் வந்தவை மாதிரி இருந்தன. கறுப்பு வால் மட்டும் கம்பீரமாக நின்றது. நாலு முடித்திருப்பேன், தோளில் ஒரு கை விழுந்தது.

“இங்க என்ன செய்யிறீர்?” செஃப்.

“இது பூனை, செஃப்.”

“நான் முயல்தான் சொன்னனான்.”

“இந்த மேசைக்கு வாற ஆக்கள் வியட்நாம்காரர். அவைக்கு இது பூனை வருஷம்.”

“எல்லாம் அந்தப் பக்கம்தானே.”

“அந்தப் பக்கம் எண்டு ஒரு நாடு இல்லை, செஃப்!” என்று கத்தினேன். மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. சிங்கப்பூர்க் குழுவில் ஒரு பெரியவர் எனக்குக் கைதட்டினார். நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். செஃப் முகம் பீட்ரூட்டாகி, சமையலறைப் பக்கம் விரலை நீட்டினார். நாலு பூனையும் நாலு முயலுமாக மேசையை அப்படியே விட்டுவிட்டு, கையில் இடுக்கியோடு திரும்பி நடந்தேன்.

கதவின் வட்டக் கண்ணாடியில் நானும் அண்ணையும் முட்டிக்கொண்டு பார்த்தோம். எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒரு பெண், தன் தட்டிலிருந்த பூனையை வாலில் பிடித்துத் தூக்கினார். மேசை முழுவதும் சிரிப்பு. எங்களுக்குப் பின்னால் ஒரு ஏப்ரன் கழற்றி வைக்கப்படும் சத்தம். இனிப்புப் பகுதிக்காரர் எங்கள் இருவரையும் ஒதுக்கிக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கதவால் வெளியே போனார். செஃப்பைத் தாண்டித்தான் போனார். ‘யா, செஃப்’ சொல்லவில்லை. மேசையடியில் நின்று நீண்ட நேரம் கதைத்தார். அவருடைய கைகள் அவ்வளவு ஆடி நான் கண்டதில்லை.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் ஏப்ரனைக் கட்டினார்.

“என்னவாம்?” என்றேன்.

“பாதிப் பூனை ஏன் சீனாவுக்குப் போயிட்டுது எண்டு கேட்டினம்.”

“அதுக்கு என்ன சொன்னீர்?”

“ஒரு இந்தியன் செய்த வேலை எண்டன்.”