பித்தக் குழாயில் ஒரு புழு

என் கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். குடிப்பழக்கம் கிடையாது. அவர் கண்கள் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்ததும் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே குடிதான் காரணம் என்றது. ஸ்கேன் பார்த்த டாக்டர், பித்தக் குழாயில் அடைப்பு, புற்றுக்கட்டியாக இருக்கலாம் என்றார்.

வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்க அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஒரு சின்னப் பாட்டிலோடு வந்தார். அதில் இலை மாதிரி தட்டையாக ஏதோ நெளிந்தது.

"கட்டி இல்லம்மா, ஈரல் புழு. ஆடு மாடுங்களுக்கு வர்றது. வெளியூர்ல எங்கயாவது தண்ணில வளர்ற கீரையைப் பச்சையா சாப்பிட்டிருப்பார். ஈரல்ல இன்னும் இருக்கலாம். அதுக்கு மனுஷங்களுக்கான மாத்திரை இங்க கிடைக்கல, வரவழைக்கணும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாத்திரைக்குக் காத்திருந்த நாட்களில் ஒருநாள், காய்ச்சலோடு கிடந்தவர் என் கையை எடுத்துத் தன் வலது விலாவில் வைத்துக்கொண்டார்.

"உள்ள இன்னும் எத்தினி கீதுமே?"

"தெரிலய்யா," என்றேன்.

மாத்திரை வந்தது. தேறிவிட்டார், மறுபடி வண்டி ஓட்டுகிறார். ஆனால் அன்றைக்கு அவர் வலி என் உள்ளங்கைக்குக் கீழேயே இருந்தது. கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.