மத்தேயு நிறுத்திய இடம்

ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் நாடகப் பிரதி கைக்கு வந்தவுடன் சித்தி செய்யும் முதல் வேலை, ஏரோது வரும் பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடிப்பதுதான். கிள்ளானில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியை முப்பது வருடம் கட்டி இழுத்தவர் அவர், என் அம்மாவின் தங்கை. பெத்லகேமில் உள்ள குழந்தைகளையெல்லாம் கொல்லச் சொல்லி ராஜா உத்தரவு போடும் அந்தக் காட்சி அவருக்கு ஆகவே ஆகாது. "பிள்ளைங்க பயந்துக்கும் லா. அம்மாக்காரிங்க போட்டோ எடுக்க வந்திருக்காங்க, அவங்கள அழவைக்கவா?" என்பார். மேய்ப்பர்கள் தலையில் துண்டோடு வருவார்கள், ஞானிகள் ஜிகினாத்தாள் கிரீடத்தோடு வருவார்கள், பாட்டு முடிந்ததும் எல்லோரும் மீகூன் சாப்பிடப் போய்விடுவோம். அடிபட்ட பக்கத்தை யாரும் தேடியதில்லை. நானும்தான்.

சித்தியின் ஒரே மகன் வேலை முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும்போது லோரி அடித்து இறந்தான். பத்தொன்பது வயது. நான் இறையியல் படித்து முடித்து அதே சபைக்கு உதவிப் போதகராக வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆண்டவருக்குப் பிரியமானவன், அதனால்தான் சீக்கிரம் எடுத்துக்கொண்டார் என்றார்கள். நானும் அந்த மாதிரி ஏதோ சொன்னேன், வெட்கமாக இருக்கிறது. சித்தி எல்லோருக்கும் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எட்டு மாதம் கழித்து நாடகப் பிரதியோடு என்னிடம் வந்தபோது அதில் சிவப்புக் கோடு இல்லை. ஏரோது காட்சிக்குப் பிறகு, பிள்ளைகளைப் பறிகொடுத்த ராகேல் அழும் காட்சி ஒன்றைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்திருந்தார். ராகேலாக நானே நிற்கப்போகிறேன் என்றார்.

எனக்குப் படித்த திமிர் இன்னும் அடங்காத காலம். உட்காரவைத்து ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். சுவிசேஷத்தில் மத்தேயு அந்த அழுகையை எரேமியா தீர்க்கதரிசியிடமிருந்து எடுத்தது, எரேமியா பெத்லகேமைப் பற்றிப் பேசவே இல்லை என்றேன். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் பாபிலோனுக்குக் கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்காக, என்றோ செத்துப்போன குலத்தாய் ராகேல் ராமா என்ற ஊரில் அழுகிறாள், தேற்றினாலும் தேறமாட்டேன் என்கிறாள் என்று அந்தத் தீர்க்கதரிசி எழுதினார். சுவிசேஷம் எழுதியவர்களின் வழக்கம் அதுதான். தங்கள் கண்முன் நடந்ததைச் சொல்லச் சொந்தமாக வார்த்தை கிடைக்காதபோது, பழைய தீர்க்கதரிசிகளின் வார்த்தையை எடுத்து அதன்மேல் வைத்தார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆனா சித்தி, எரேமியா அழுகையோட முடிக்கல. அழாத, உன் பிள்ளைங்க திரும்பி வருவாங்கன்னு அடுத்த வசனத்துலேயே ஆண்டவர் சொல்றாரு. அதையும் சேர்த்தாத்தான் முழுசா இருக்கும்" என்றேன்.

"தெரியும்டா. எத்தனை பிள்ளைங்கள அத மனப்பாடம் பண்ண வச்சிருக்கேன்" என்றார் சித்தி. "மத்தேயுவுக்கும்தான் தெரியும். தெரிஞ்சும் அவரு அழுகையோட நிறுத்திட்டாரு, போய்ப் பாரு. பாபிலோனுக்குப் போனவங்க திரும்பி வந்தாங்க. பெத்லகேம்ல செத்த பிள்ளைங்க வரல. எரேமியா அவங்களுக்குச் சொன்னத மத்தேயு பெத்லகேமுக்கு எடுத்துக்கிட்டாரு. நான் கிள்ளானுக்கு எடுத்துக்கறேன். அதுல உனக்கு என்ன கஷ்டம்?"

கல்லூரியில் யாரும் எனக்கு அதைக் காட்டியதில்லை.

சபைக் கமிட்டியில் பெரிய ரகளை. "கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒப்பாரியா பாஸ்டர்?" என்று கேட்டார்கள். அவர்களுக்கெல்லாம் டீச்சரான சித்தி மேல் எல்லோருக்கும் மரியாதை, முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஆளில்லை. கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். டீச்சர் நடிக்கட்டும், அவர் முடித்த அடுத்த நிமிடம் நான் மைக்கில் அந்த ஆறுதல் வசனத்தை வாசித்துவிட வேண்டும். அப்பாடா, பிரச்சினை இத்தோடு போச்சே என்று ஒப்புக்கொண்டேன். சித்தியிடம் மட்டும் சொல்லவில்லை. பயந்துவிட்டேன், வேறொன்றுமில்லை.

நாடகத்தன்று சித்தி வெள்ளைப் புடவையில் வந்து மேடையில் தரையிலேயே உட்கார்ந்தார். அழவில்லை. ராகேலின் வார்த்தைகளைச் சொன்னார், பிறகு சபையைப் பார்த்து, "யாரும் என்னைத் தேத்த வேண்டாம்" என்றார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியை அப்படியே விட்டிருக்கலாம். நான் மைக்கை எடுத்தேன். உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று நல்ல கணீர்க் குரலில் வாசித்தேன். ஆமென் என்றார்கள். கைகூடத் தட்டினார்கள்.

இப்போது பிரிக்பீல்ட்ஸ் சபையில் இருக்கிறேன். சவ அடக்கத்துக்குச் செராஸ் கல்லறைக்கும் சபைக்குமாக அலைந்தே வருடங்கள் போய்விட்டன. அலுத்துவிட்டது. அடக்க ஆராதனையில் ராகேலின் அழுகையை வாசித்துவிட்டு, அடுத்த வசனத்துக்குப் போகாமல் வீட்டாரோடு போய் உட்கார்ந்துவிடுகிறேன். "என்ன பாஸ்டர், ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மூப்பர்கள் குறைப்படுகிறார்கள். விசுவாசம் போய்விட்டதோ என்றும் பேச்சு இருக்கிறது. போகவில்லை. அந்த வசனத்தை நானும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அதை யாரிடம், எப்போது சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அன்று நாடகம் முடிந்து, சபைச் சமையலறையில் சித்தி கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். "சித்தி, கமிட்டிதான்..." என்று ஆரம்பித்தேன்.

"பரவால்ல விடு. நல்லாத்தான் வாசிச்ச" என்றார். குழாயை மூடினார். "திரும்பி வருவாங்கன்னு நீ சொன்னதும், நான் வாசல் பக்கம் பாத்துட்டேன்டா."